வலைப்பூ எழுதுபவர்கள் எப்படிப்பட்டவர்கள்? எழுத்தை வைத்து ஆளை எடைபோட முடியுமா?

பத்துப் பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய்வந்தாலும் சரி, ஒரு படம் பார்த்தாலும் சரி, அதைப் பற்றி நாலு பத்தி எழுதி இணையத்தில் போடுபவர் அதில் ஒருவர் இருப்பார். மற்றவர்களில் இரண்டு பேர் லைக் போடுவார்கள். மிச்சப் பேர் படித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எழுதுகிற அந்த ஒருவரைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். “சரியான விளம்பரப் பிரியர்ப்பா” என்பார் ஒருவர். “பாவம், பேச ஆள் இல்லை போல” என்பார் இன்னொருவர்.

வலைப்பூக்கள் பரவத் தொடங்கிய 2000களில் உளவியல் ஆய்வாளர்கள் சிலர் இதே கேள்வியைக் கையில் எடுத்தார்கள். பொதுவெளியில் தன்னைப் பற்றி எழுதுபவர்களுக்கென்று தனிக் குணம் ஏதாவது உண்டா? அவர்கள் எழுத்திலிருந்து அந்தக் குணத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா? கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள், பத்தே ஆண்டுகளில் விளம்பர வியாபாரம், தேர்தல் பிரசாரம், வேலைக்கு ஆள் எடுப்பது என்று எங்கெங்கோ போய்விட்டன. ஒரு வரிகூட எழுதாமல் லைக் மட்டும் போடுபவருக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

எழுதுவது எத்தனை பேர்?

இணையத்தில் எழுதுபவர்கள் எப்போதுமே சிறுபான்மைதான். இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் இதற்கு ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். இணையத்தில் கூடும் 100 பேரில் 90 பேர் வெறுமனே படிப்பார்கள். 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள். ஒரே ஒருவர்தான் விடாமல் எழுதுவார். வலைப்பூவில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் மோசம் என்றார் அவர்.

அதே 2006-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வலைப்பதிவர்களை நேரடியாகக் கணக்கெடுத்தது. அன்றைய அமெரிக்க இணையப் பயனாளர்களில் 8 சதவீதம் பேர், அதாவது சுமார் 1.2 கோடி பேர், வலைப்பூ வைத்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். அரசியல் எழுதுபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, முதன்மையாக அரசியலை எழுதியவர்கள் 11 சதவீதம்தான். சொந்த வாழ்க்கையை எழுதியவர்கள் 37 சதவீதம். 55 சதவீதம் பேர் புனைபெயரில் எழுதினார்கள். 54 சதவீதம் பேருக்கு அதற்கு முன் எங்கேயும் எழுதிய அனுபவமே கிடையாது.

அந்தப் புனைபெயர்க் கணக்கைக் கவனியுங்கள். விளம்பரப் பிரியர் என்றால் சொந்தப் பெயரை அல்லவா கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வார்?

தமிழிலும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் இது சூடுபிடித்தது. யூனிகோட் எழுத்துரு கைக்கு வந்த பிறகு, 2003, 2004 வாக்கில் தமிழ் வலைப்பூக்கள் பெருகின. அவற்றை ஒரே இடத்தில் திரட்டிக்காட்டிய ‘தமிழ்மணம்’ 2004-ல் வந்தது. வலைப்பூ, பதிவர், பின்னூட்டம், திரட்டி என்று ஒரு சொற்பட்டியலே அப்போது புழக்கத்துக்கு வந்தது. வேலைக்காக ஊரைவிட்டுப் போன கணினிப் பொறியாளர்கள், புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள், பத்திரிகை பக்கமே போகாத இல்லத்தரசிகள், ஆசிரியர்கள் என்று பலர் எழுதினார்கள். இன்று வலைப்பூ என்ற பெயர் கொஞ்சம் பழசாகிவிட்டது. பழக்கம் மட்டும் ஃபேஸ்புக் நெடும்பதிவு, சப்ஸ்டாக், லிங்க்ட்இன் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

அளவுகோல் எங்கிருந்து வந்தது?

குணத்தை எப்படி அளப்பது? உளவியல் இதற்கு அகராதியிலிருந்து தொடங்கியது. மனிதர்களுக்கிடையே முக்கியமாகத் தெரியும் வேறுபாடு எதுவானாலும், அதற்கு மொழியில் ஒரு சொல் பிறந்திருக்கும் என்பது அடிப்படை எண்ணம். 1936-ல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டி, மனிதர்களை வர்ணிக்கும் சுமார் 18,000 சொற்களைப் பொறுக்கி எடுத்தார்கள். கஞ்சன், கலகலப்பானவர், முன்கோபி, சோம்பேறி என்று நாம் தினமும் சொல்வது போன்ற சொற்கள்தான்.

அடுத்த சில பத்தாண்டுகளில் எந்தச் சொற்கள் சேர்ந்தே வருகின்றன என்று புள்ளியியலைக் கொண்டு அலசினார்கள். ஒருவரை ‘கலகலப்பானவர்’ என்பவர்கள் அவரையே ‘கூட்டம் பிடிக்கும்’ என்றும் சொல்கிறார்களா? அப்படியானால் இரண்டுக்கும் கீழே இருப்பது ஒரே குணம். 1961-ல் அமெரிக்க விமானப்படைக்காக இந்த வேலையைச் செய்த இரண்டு ஆய்வாளர்களுக்கு ஐந்து கொத்துகள் கிடைத்தன. பிறகு வந்தவர்களுக்கும் பெரும்பாலும் அதே ஐந்துதான் கிடைத்தது. அதுதான் ‘பிக் ஃபைவ்’.

புதியதை நாடும் மனம் ஒன்று: கலை, யோசனை, கற்பனை இவற்றில் ஆர்வம். பொறுப்பும் ஒழுங்கும் இரண்டாவது: சொன்ன தேதியில் வேலையை முடிப்பவர், மேசையை அடுக்கி வைப்பவர். மூன்றாவது, நாலு பேரோடு இருந்தால் உற்சாகம் ஏறும் புறமுகம். நான்காவது இணக்கம்: விட்டுக்கொடுப்பது, பிறரை நம்புவது. ஐந்தாவது, எளிதில் கலங்கும் மனம். உளவியலில் இதற்கு ‘நியூராட்டிசிசம்’ என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும், இது நோய் கிடையாது. அனுப்பிய மெசேஜுக்கு இரண்டு ப்ளூ டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்றால் ஒருவருக்கு ஒன்றுமே தோன்றாது. இன்னொருவருக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். அந்த வேறுபாடுதான் இங்கே அளக்கப்படுகிறது.

இதில் முக்கியமான விஷயம், இவை ஐந்தும் உயரம், எடை மாதிரி. எல்லோருக்கும் உண்டு, அளவுதான் வேறு. ‘குள்ளம்’, ‘நெட்டை’ என்று மனித குலத்தை இரண்டு டப்பாவில் போட முடியாதது போலத்தான் ‘இன்ட்ரோவெர்ட்’, ‘எக்ஸ்ட்ரோவெர்ட்’ என்றும் போட முடியாது. பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறார்கள்.

நான்கு எழுத்து வகைகள் ஏன் ஒத்துவராது?

‘ஐஎன்டிஜே’, ‘இஎன்எஃப்பி’ என்று பயோவில் நான்கு எழுத்துகள் போட்டுக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை. கேதரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் சேர்ந்து உருவாக்கியது. இருவருமே முறையாக உளவியல் படித்தவர்கள் அல்லர். கார்ல் யுங் 1921-ல் எழுதிய கருத்துகளை வைத்து மனிதர்களை 16 டப்பாக்களாகப் பிரித்தார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு புள்ளி இந்தப் பக்கம் இருந்தால் ஒரு வகை, ஒரு புள்ளி அந்தப் பக்கம் போனால் வேறு வகை. அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி சோதனை எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு நான்கு எழுத்துகள் வருகின்றன. நண்பர்களோடு அரட்டைக்கு ஜாலியான விஷயம். இதை வைத்து ஒருவருக்கு டீம் ஒதுக்குவதும் பதவி உயர்வு பேசுவதும்தான் வம்பு.

சரி, எழுதுவது யார்?

ரோசன்னா குவாடேனோ என்ற உளவியலாளர் அலபாமா பல்கலைக்கழகத்தில் தன் சகாக்களோடு நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. கல்லூரி மாணவர்களிடம் ஐந்து குணங்களையும் அளந்து, யார் வலைப்பூ வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். முடிவில் நின்றவை இரண்டு குணங்கள். ஒன்று, புதியதை நாடும் மனம். இது எதிர்பார்த்ததுதான். மற்றொன்று, எளிதில் கலங்கும் மனம். அதிலும் பெண்களிடம்தான் இந்தத் தொடர்பு தெரிந்தது. ஆண்களில் கலங்குபவருக்கும் கலங்காதவருக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. எல்லோரும் முதலில் சந்தேகப்படும் புறமுகம் அந்த முடிவில் இடம்பெறவே இல்லை.

ஆக, ‘விளம்பரப் பிரியர்’ என்ற கட்சிக்கு இங்கே ஆதரவு குறைவு. ‘பாவம், பேச ஆள் இல்லை’ என்ற கட்சியும் ரொம்பக் குதிக்க வேண்டியதில்லை. மனம் கலங்குபவர் எழுதுகிறார் என்பதற்கு அவர் தனியாள் என்று அர்த்தம் வராது. கலங்குகிற விஷயத்தை எழுதிப் பார்ப்பதே ஒரு வழியாக இருக்கலாம்.

இந்த ‘எழுதிப் பார்ப்பது’ என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1986-ல் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதைப் பாதித்த சம்பவங்களை எழுதச் சொன்னார்கள். உணர்ச்சியோடு சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. அதற்குப் பிறகு இதே சோதனை பல நாடுகளில் நடந்தது. அப்படி 146 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2006-ம் ஆண்டுத் தொகுப்பு, பலன் உண்மைதான், ஆனால் சிறியது என்று சொன்னது. ‘டைரி எழுதுங்கள், வாழ்க்கை மாறிவிடும்’ என்று ரீல்ஸில் சொல்லும் அளவுக்கெல்லாம் இல்லை. தவிர, அந்த மாணவர்கள் எழுதியது யார் கண்ணிலும் படாத தாள். ஊரே பார்க்கும் பதிவில் அதே பலன் கிடைக்கும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. கீழே வரும் பின்னூட்டங்களும் கணக்கில் சேருமே.

குவாடேனோவின் ஆய்வை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். அவர் பார்த்தது அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை, அதுவும் 2008-ல். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு மதுரைத் தமிழில் சிறுவயது நினைவுகளை எழுதிய ஒரு துபாய்ப் பதிவருக்கு இது அப்படியே பொருந்தும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

694 பதிவர்கள், ஆளுக்கு ஒரு லட்சம் வார்த்தை

யார் எழுதுகிறார்கள் என்பதைவிடச் சுவாரசியமானது, எழுத்தில் என்ன தெரிகிறது என்பது. 2010-ல் டல் யார்கோனி என்ற ஆய்வாளர் 694 வலைப்பதிவர்களைப் பிடித்தார். அவர்கள் சம்மதித்துக் குணச் சோதனையை நிரப்பிக் கொடுத்தார்கள். பிறகு அவர்களின் பதிவுகளை மொத்தமாக எடுத்துச் சொல் சொல்லாக எண்ணினார். சராசரியாக ஒருவருக்கு ஒரு லட்சம் வார்த்தைக்கு மேல் வந்தது. ஒரு தடித்த நாவல் அளவு.

முடிவுகளைப் படித்தால் சிரிப்பு வரும், அவ்வளவு எதார்த்தம். புறமுகம் அதிகமுள்ளவர்கள் எழுத்தில் ‘பார்’, ‘டிரிங்ஸ்’, ‘டான்சிங்’. எளிதில் கலங்குபவர்கள் எழுத்தில் ‘படுமோசம்’, ‘அதைவிட மோசம்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்கள். புதியதை நாடுபவர்களிடம் கவிதை, கலை, பிரபஞ்சம். இணக்கமானவர்களிடம் ‘சேர்ந்து’, ‘அருமை’. பொறுப்பானவர்களிடம் ‘முடித்தாயிற்று’. ‘போர் அடிக்கிறது’, ‘முட்டாள்தனம்’ என்று எழுதுவது பொறுப்பானவர்களிடம் குறைவு.

அப்படியானால் நான்கு பதிவைப் படித்தே ஒருவரைச் சொல்லிவிடலாமா? இங்கேதான் ஒரு எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு விஷயங்களுக்கு இடையிலான தொடர்பை 0-விலிருந்து 1 வரை அளப்பார்கள். முழுப் பொருத்தம் 1. தொடர்பே இல்லை என்றால் 0. யார்கோனியின் பட்டியலில் முன்வரிசையில் நின்ற சொற்களே பெரும்பாலும் 0.2, 0.3 வட்டாரத்தில்தான் இருந்தன. 0.25 என்று வைத்துக்கொண்டால், அந்தக் குணத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் சுமார் 6 சதவீதத்தை மட்டும் அந்தச் சொல் விளக்குகிறது. மிச்சம் 94 சதவீதம் வேறு எங்கோ இருக்கிறது. ‘படுமோசம்’ என்று அடிக்கடி எழுதும் ஒருவர் கலங்கும் மனம் கொண்டவராக இருக்கலாம். சினிமா விமர்சகராகவும் இருக்கலாம்.

தமிழில் ‘நான்’ எங்கே?

எழுத்தில் குணம் தேடும் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. அவற்றைத் தமிழுக்குத் திருப்பினால் என்ன ஆகும் என்பது நம்மூர் வாசகருக்கு முக்கியமான கேள்வி.

ஓர் உதாரணம். சொற்களை எண்ணும் ஆய்வுகளில் பிரபலமான ஒன்று, ‘நான்’ என்ற சொல் பற்றியது. மனச்சோர்வில் இருக்கும் மாணவர்கள் எழுதும்போது ‘ஐ’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சற்றுக் கூடுதலாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2004-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “நேத்து ஊருக்குப் போனேன், அம்மாவைப் பார்த்தேன், ராத்திரியே பஸ் ஏறிட்டேன்.” ஒரு ‘நான்’கூட இல்லை. ஆனால் மூன்று வினைச்சொற்களின் வாலிலும் ‘நான்’ உட்கார்ந்திருக்கிறது. தனிச்சொல்லாக ‘நானை’ எண்ணும் கருவிக்கு இந்த எழுத்தாளர் தன்னைப் பற்றிப் பேசவே இல்லை என்றுதான் தோன்றும். மாறாக, தமிழில் ஒருவர் வலிய ‘நான்’ போட்டு எழுதினால் அதற்கு வேறு காரணம் இருக்கும். “நான் போனேன்” என்றால் வேறு யாரும் போகவில்லை, நான்தான் போனேன் என்ற அழுத்தம்.

பன்மைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ‘நாம் கஷ்டப்பட்டோம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. ‘நாங்கள் கஷ்டப்பட்டோம்’ என்றால் கேட்பவர் வெளியே. ஒருவர் வாசகரைத் தன் பக்கம் இழுக்கிறாரா, தள்ளி நிறுத்துகிறாரா என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டுமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘வீ’தான். மொழிபெயர்த்துவிட்டு எண்ணினால் அந்தத் தடயம் காணாமல் போகும்.

இன்னும் இருக்கிறது. ‘வந்துவிட்டேன்’, ‘வந்துட்டேன்’ இரண்டையும் ஒரே சொல்லாகக் கருவி எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் தனிக்கதை. “ரொம்ப நல்லா இருக்கு, நடத்துங்க” என்று ஒருவர் பின்னூட்டம் போட்டால் அது பாராட்டா, நக்கலா என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே குழப்பம் வரும். கருவி அதைப் பாராட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ளும். இன்றைய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வெறும் சொல் எண்ணிக்கையைத் தாண்டி வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் அவை தமிழில் ஒருவரின் குணத்தைச் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்க, தமிழில் எழுதுபவர்களிடம் சோதனை நடத்தி ஒப்பிட வேண்டும். ‘எங்கள் கருவி எந்த மொழியிலும் குணத்தைக் கணிக்கும்’ என்று யாராவது விற்க வந்தால், அந்த ஒப்பீட்டு எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வலைப்பூவிலிருந்து லைக் பட்டனுக்கு

எழுதுபவர்கள் 100-க்கு ஒருவர்தான் என்றால், மற்ற 99 பேரை எப்படி அளப்பது? இந்தப் பிரச்சினையை லைக் பட்டன் தீர்த்துவைத்தது. 2007-ல் டேவிட் ஸ்டில்வெல் என்ற மாணவர் ஃபேஸ்புக்கில் ‘மை பர்சனாலிட்டி’ என்ற குணச் சோதனையைத் தொடங்கினார். 2012-ல் அது நிற்பதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிரப்பிவிட்டார்கள். பலர் தங்கள் லைக் பட்டியலையும் ஆய்வுக்குத் தந்தார்கள். 2013-ல் 58,000 பேரின் தரவைக் கொண்டு, லைக்கை மட்டும் வைத்தே ஒருவரின் வயது, அரசியல் சாய்வு, குணம் ஆகியவற்றை ஓரளவு ஊகிக்க முடியும் என்று மிகால் கொசின்ஸ்கியும் ஸ்டில்வெல்லும் இன்னொரு ஆய்வாளரும் காட்டினார்கள்.

2015-ல் வந்த அடுத்த ஆய்வுதான் தலைப்புச் செய்தியானது. 10 லைக் இருந்தால் கணினி உங்கள் சக ஊழியரைவிட உங்களை நன்றாகக் கணிக்கும்; 70 இருந்தால் நண்பரைவிட; 150 இருந்தால் குடும்பத்தினரைவிட; 300 இருந்தால் கிட்டத்தட்ட கணவன், மனைவி அளவுக்கு. உலகமே ‘அடேயப்பா’ என்றது. அந்த ஆய்வில் கணினியின் பொருத்தம் 0.56. நண்பர்களுடையது 0.49. அதாவது கணினி அப்படியொன்றும் மாயம் செய்துவிடவில்லை. நம் நண்பர்களும் நம்மைப் பற்றிச் சுமாராகத்தான் கணிக்கிறார்கள். தலைப்புச் செய்திகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனாலிடிகா விவகாரம் வெடித்தது. அலெக்சாண்டர் கோகன் உருவாக்கிய குணச் சோதனைச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர்தான். ஆனால் அவர்களின் நண்பர் பட்டியல் வழியாக 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் சொன்னது. இந்தியாவில் செயலியை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். அடுத்த ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. சுவாரசியமான விஷயம், பிரிட்டனின் தகவல் ஆணையர் 2020-ல் விசாரணையை முடித்தபோது, அந்த நிறுவனம் பயன்படுத்தியவை பெரும்பாலும் எல்லோரிடமும் இருக்கும் வழக்கமான முறைகள்தான் என்றார். மந்திரக்கோல் எதுவும் அங்கே இல்லை.

மந்திரம் இல்லையென்றால் ஏன் கவலை? காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. 2017-ல் சாண்ட்ரா மாட்ஸும் சகாக்களும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விளம்பரச் சோதனை நடத்தினார்கள். குணத்துக்கு ஏற்றபடி வார்த்தையை மாற்றிய விளம்பரத்துக்கு, பொருந்தாத விளம்பரத்தைவிட 40 சதவீதம் வரை கூடுதல் கிளிக், 50 சதவீதம் வரை கூடுதல் விற்பனை. உங்கள் ஒருவரைப் பற்றிக் கணிப்பு தப்பாகப் போனாலும் விளம்பரதாரருக்கு நஷ்டமில்லை. லட்சக்கணக்கானவர்களில் கொஞ்சம் பேர் கூடுதலாக வாங்கினால் அவருக்குப் போதும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் அதே கருவியை வைத்தால் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே இருப்பது ஒரு விண்ணப்பம், ஓர் ஆள். கருவி தப்பினால் போவது அவருடைய வேலை. கூட்டத்துக்குச் சரியாக இருக்கும் எண்ணைத் தனி ஆள்மீது போடுவதுதான் இந்தத் துறையின் பெரிய தவறு. அதை விற்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் வாய்திறந்து சொல்வதில்லை.

‘அப்படியே என்னைச் சொல்லுது’

சோதனை முடிவைப் படித்ததும் ‘அப்படியே நான்தான்’ என்று தோன்றுவதற்கும் ஒரு விளக்கம் உண்டு. பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்குச் சோதனை வைத்து, ஆளுக்கொரு ‘தனிப்பட்ட’ அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை. அதுவும் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. 1949-ல் வெளியான ஆய்வு இது. ‘வெளியே கலகலப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் சில கவலைகள் உண்டு’ என்ற ராசிபலன் வரி எந்த ராசிக்குத்தான் பொருந்தாது?

இன்னொரு சிக்கல், குணம் அப்படியே நிற்பதில்லை. 2006-ல் பிரென்ட் ராபர்ட்ஸும் சகாக்களும் பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20-லிருந்து 40 வயதுக்குள் மனிதர்களின் பொறுப்புணர்வு சராசரியாகக் கூடுவதும் கலக்கம் குறைவதும் தெரிந்தது. கல்லூரி ஹாஸ்டலில் ராத்திரி இரண்டு மணிக்குக் காதல் தோல்வியில் எழுதிய வலைப்பூவை வைத்து, இன்று இரண்டு குழந்தைகளுக்குப் பெற்றோராகி டீம் லீடாக இருப்பவரை எடைபோட்டால் கணிப்பு எங்கே நிற்கும்? பதிவுக்கு வயதாவதில்லை, எழுதியவருக்கு ஆகிறது.

‘எனக்கெல்லாம் எழுத வராதுப்பா, நான் அந்த மாதிரி ஆள் இல்லை’ என்பவர்களுக்கும் இந்த ஆய்வுகளில் தடை எதுவும் இல்லை. குவாடேனோ கண்டது ஒரு சாய்வைத்தான். கலங்காத மனமும் கவிதை பிடிக்காத சுபாவமும் கொண்டவர்கள் பைக் ரிப்பேர் பற்றியும் வருமான வரி பற்றியும் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பதிவுகளுக்குத்தான் மார்ச் மாதத்தில் கூட்டம் அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

யார்கோனி 694 பேரிடமும் சம்மதம் வாங்கினார். இந்தியாவில் இன்று ஒரு நிறுவனம் உங்கள் பழைய பதிவுகளைத் திரட்டி அலசினால் சம்மதம் வாங்க வேண்டுமா?

2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஒருவருடைய தரவைப் பயன்படுத்தப் பொதுவாக அவருடைய சம்மதம் தேவை என்பது சட்டத்தின் அடிப்படை. ஆனால் 3-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் தானே பொதுவெளியில் வெளியிட்ட தன் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சட்டப் புத்தகங்களில் பிரிவுக்குக் கீழே புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு கொடுப்பார்கள். இந்தப் பிரிவுக்குக் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டே, தன் கருத்துகளை வலைப்பதிவாக எழுதும்போது தன்னைப் பற்றிய தரவைச் சமூக வலைதளத்தில் வெளியிட்ட ஒரு பெண். அவருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டத்தில் இப்படி ஒட்டுமொத்த விலக்கு இல்லை.

எனவே, பழைய வலைப்பூ ஏதாவது உங்கள் சொந்தப் பெயரில் கிடந்தால், அதை வைத்திருப்பதா எடுப்பதா என்பது இப்போதைக்கு உங்கள் கையில்தான். பிளாகர் தளத்தில் ஒரு பதிவை மீண்டும் ‘டிராஃப்ட்’டுக்கு மாற்றினால் வெளியே தெரியாது, அழிந்தும் போகாது. ஆனால் இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ 1996-லிருந்து இணையப் பக்கங்களைப் படியெடுத்து வருகிறது. உங்கள் வலைப்பூ முகவரியை அங்கே போட்டுப் பாருங்கள். படி இருந்து, அது வேண்டாம் என்றால், எடுக்கச் சொல்லி அவர்களுக்கு மின்னஞ்சலில் கோரிக்கை அனுப்பலாம். முகவரி உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.